பொக்லைனும் இருப்பாய்வும்

தலைப்பைப் பார்த்ததும் இது மெக்கானிக்கல் பசங்களுக்கான பதிவுன்னு நினைச்சு ஓடிடாதீங்க. எழுதறது பி.காம் மூணாவது வருஷம் படிக்கிற ஆள்தான். ஓம் விதியைப் பத்தாவதோட மூட்டை கட்டிப் பரண்ல போட்டவன். ஆனா எங்க தாய்மாமாகிட்ட ஒரு பொக்லைன் இருக்கு. அதுக்குக் கணக்கு எழுதறது நான். அந்த மெஷின் ஒரு தடவை திரையில மூணு நம்பரைக் காட்டிட்டு மக்கர் பண்ணினப்போ, அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்ங்கிற கேள்வி எங்க அத்தையோட நகை வரைக்கும் போயிடுச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடலாம். செயின்ல நகர்ந்து, நின்ன இடத்துலயே முழுசா சுத்தி மண் அள்ளுற இயந்திரத்துக்கு எக்ஸ்கவேட்டர்னு பேர். நம்ம ஊர்ல அதைப் பொக்லைன்னு சொல்லுவாங்க, சில பேர் ஹிட்டாச்சின்னு சொல்லுவாங்க. ரெண்டுமே கம்பெனி பேர்தான். முதலாவது பிரெஞ்சு, ரெண்டாவது ஜப்பான். நகல் எடுக்கறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி. (நாலு டயர் வெச்சு, முன்னாடி ஒரு பக்கெட் பின்னாடி ஒரு பக்கெட்டோட ரோட்ல ஓடுற வண்டி வேற. அது ஜேசிபி. அதுவும் கம்பெனி பேர்தான்!) மாமாவோட மெஷின் எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. எந்தக் கம்பெனி மெஷினுக்கும் இது வரும்.

பொக்லைன் தொழிலோட கணக்கு ரொம்ப எளிமை. வாடகை மணிக் கணக்கு. ஹவர் மீட்டர் ஓடினாத்தான் காசு. டீசல், பேட்டா, கிரீஸ், ஃபில்டர் இதெல்லாம் மெஷின் ஓடினா வர்ற செலவு. ஃபைனான்ஸ் டியூ மட்டும் ஓடினாலும் வரும், ஓடாட்டியும் வரும். மாறும் செலவு, மாறாச் செலவுன்னு படிச்சோமே, அதுக்கு இதை விட நல்ல உதாரணம் வேணுமா? மாசம் 10-ம் தேதி டியூ. மெஷின் ஒரு வாரம் படுத்துட்டா மாமாவும் ஒரு வாரம் தூங்க மாட்டார்.

சரி, இப்போ அந்த நம்பர் விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்து மெஷின்ல லிவரை இழுத்தா கேபிள் இழுக்கும், டீசல் பம்ப் கூட்டும், இன்ஜின் ஏறும். கெட்டுப் போனா கண்ணால பார்க்கலாம். இப்போ வர்ற மெஷின்ல இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ராலிக் பம்புக்கு ஒரு கன்ட்ரோலர், ஆபரேட்டர் முன்னாடி இருக்கற திரைக்கு ஒண்ணுன்னு இருக்கும். இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறது முறுக்கி விட்ட ரெண்டே ரெண்டு ஒயர் வழியா. அந்த முறைக்குப் பேர் கேன். ஜெர்மனியோட பாஷ் கம்பெனி 1986-ல அறிமுகப்படுத்தினது. லாரி, பஸ், பொக்லைன் மாதிரி கனரக வண்டிகளுக்காக அதுமேல அமெரிக்காவோட எஸ்.ஏ.இ. அமைப்பு ஒரு பொது மொழியை வகுத்தது. அதுக்குப் பேர் ஜே1939. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு தனிக் கோடும் வெச்சிருக்கும். ஆனா இன்ஜின் பக்கம் இந்தப் பொது மொழிதான் நிறைய இடத்துல ஓடுது.

இந்த மொழியில ஒரு எரர் கோடுக்கு முக்கியமா ரெண்டு பகுதி. முதல் பகுதி எஸ்.பி.என். எந்த அளவுல தகராறுன்னு அது சொல்லும். 100-ன்னா இன்ஜின் ஆயில் பிரஷர். 102-ன்னா டர்போ உள்ள தள்ளுற காத்தோட பிரஷர். 110-ன்னா இன்ஜின் தண்ணியோட சூடு. 168-ன்னா பேட்டரி வோல்டேஜ். ரெண்டாவது பகுதி எஃப்.எம்.ஐ. என்ன மாதிரி தகராறுன்னு அது சொல்லும். 0-ன்னா அளவு நிஜமாவே ரொம்ப அதிகம். 1-ன்னா நிஜமாவே ரொம்பக் கம்மி. 2-ன்னா தாறுமாறா வருது. 3-ன்னா வோல்டேஜ் இருக்க வேண்டியதை விட அதிகம். 4-ன்னா வோல்டேஜ் கம்மி. 5-ன்னா கரண்ட் கம்மி, ஒயர் அறுந்திருக்கலாம். 6-ன்னா கரண்ட் அதிகம், எங்கேயோ எர்த் ஆகியிருக்கலாம்.

இதுல 100-1, 100-4 ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுமே ஆயில் பிரஷர் கோடுதான். 100-1 வந்தா, சென்சார் ஒழுங்கா அளந்து 'ஆயில் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிடுச்சு'ன்னு சொல்லுது. உடனே இன்ஜினை நிறுத்தணும். 100-4 வந்தா, ஆயிலைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லலை. 'சென்சார்ல இருந்து வர்ற வோல்டேஜ் நம்புற மாதிரி இல்லை'ன்னு மட்டும் சொல்லுது. முதலாவது உடம்புக்குக் காய்ச்சல். ரெண்டாவது தெர்மாமீட்டர் மேல சந்தேகம். 

நம்ம வகுப்பு ஆட்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, எரர் கோடுங்கறது இருப்பாய்வுல வர்ற வித்தியாசம் மாதிரி. பற்றும் வரவும் 900 ரூபாய் இடிக்குதுன்னா தப்பு இருக்குன்னு தெரியும். எங்கேன்னு தெரியாது. ஆனா 900 ஒன்பதால வகுபடுதே, எங்கேயாவது இலக்கம் இடம் மாறி எழுதிட்டோமான்னு ஒரு துப்பு கிடைக்கும். எஃப்.எம்.ஐ. அந்த மாதிரித் துப்பு. துப்பைப் பிடிச்சுக்கிட்டுப் பேரேட்டைத் திறந்து பார்க்கணும். அதைச் செய்யாம வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்குல போட்டுட்டு 'டேலி ஆயிடுச்சு'ன்னு சொல்றவங்க உண்டு. மெஷின்ல அதுக்குச் சமம், கோடைப் பார்த்ததும் பார்ட்டை மாத்தறது.

இனி நடந்தது.

போன வருஷம் கார்த்திகை மாசம். ராசிபுரம் பக்கம் ஒரு லேஅவுட் வேலை. ரெண்டு நாளா மெஷின் அப்பப்போ மஞ்சள் விளக்கு காட்டி அணைஞ்சிட்டு இருந்ததுன்னு ஆபரேட்டர் அண்ணன் சொன்னார். மூணாவது நாள் காலையில விளக்கு அணையவே இல்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, ஆனா லோடு கொடுத்தா ஏற மாட்டேங்குது. பக்கெட் மண்ணுல பதிஞ்சதும் திணறுது. திரையில மூணு கோடு: 100-4, 102-4, 3509-4.

சர்வீஸுக்குப் போன் பண்ணி, மறுநாள் ஒருத்தர் லேப்டாப்போட வந்தார். மாட்டினார், கோடைப் படிச்சார், அழிச்சார், திரும்ப வந்தது. 'ரெண்டு சென்சார் ஒரே நேரத்துல போகாது. சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கறதே கன்ட்ரோலர்தான். அது போயிடுச்சு, மாத்தணும்'னு சொல்லிட்டு அடுத்த சைட்டுக்குக் கிளம்பிட்டார். அவர் சொன்ன விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம், வரி தனி. எலக்ட்ரிக்கல் சாமான், பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது. அவரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. அன்னைக்கு அவருக்கு இன்னும் ரெண்டு சைட் பாக்கி இருந்தது.

அன்னைக்குச் சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, கன்ட்ரோலர் போயிடுச்சாம்டா. உங்க அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில பேங்குக்குப் போய் நகையை வெச்சுட்டு ஆர்டர் போட்டுடலாம்."

அத்தை சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அந்த நகை ஏற்கனவே ரெண்டு தடவை பேங்குக்குப் போய் வந்ததுன்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்.

"மாமா, கன்ட்ரோலர் போயிடுச்சுன்னு அவர் எதை அளந்து பார்த்துச் சொன்னாருங்க?"

"லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாருடா."

"லேப்டாப்புல வர்றதும் திரையில வர்ற அதே கோடுதானுங்க மாமா. மீட்டர் வெச்சுப் பார்த்தாரா?"

மாமா ஆபரேட்டர் அண்ணனுக்குப் போன் போட்டார். மீட்டரே வண்டியில இருந்து இறங்கலைன்னு பதில் வந்தது.

எனக்கு எலக்ட்ரிக்கல் தெரியாது. ஆனா ஆடிட்டிங் பேப்பர்ல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஏட்டுல எழுதியிருக்கறதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது, சரக்கு இருக்கான்னு குடோனுக்குப் போய்ப் பார்க்கணும். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி மாமாகிட்ட கெஞ்சினேன். ஒரு நாள்ங்கறது சும்மா இல்லை. ஒரு நாள் வாடகை போகும், 10-ம் தேதிக்கு ஒரு நாள் குறையும். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்"னு சொன்னார்.

ஆபரேட்டர் அண்ணனுக்குச் சங்ககிரியில ஒரு லாரிப் பட்டறை எலக்ட்ரீஷியனைத் தெரியும். அம்பது வயசு இருக்கும். மறுநாள் காலையில டி.வி.எஸ். எக்ஸ்எல்ல வந்து இறங்கினார். பையில ஒரு மீட்டர், ஒரு பல்ப் டெஸ்டர், கொஞ்சம் டேப், ரெண்டு மூணு மெல்லிசான ஊசி. லேப்டாப் இல்லை.

வந்ததும் அவர் மெஷினைத் தொடலை. ஆபரேட்டர் அண்ணனைத்தான் கேட்டார். முதல்ல எப்போ வந்தது? செயின்ல நடக்கும்போதா, நின்னு தோண்டும்போதா? அதுக்கு முன்னாடி யாராவது எதையாவது கழட்டினாங்களா? செயின்ல மேடு பள்ளத்துல நடக்கும்போதுதான் முதல்ல வந்ததுன்னு அண்ணன் சொன்னார். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்ஜின் பக்கம் ஒரு ஹோஸ் மாத்தினதும் பேச்சுல வெளிய வந்தது. 'தண்ணி சூடு சரியா காட்டுதா?'ன்னு கேட்டார். காட்டுது. 'அப்போ பார்த்துடலாம்'னார்.

நான் நோட்டை எடுத்துக்கிட்டேன். அவர் செஞ்சதை வரிசையா எழுதறேன்.

முதல்ல பேட்டரி. பொக்லைன்ல ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரா மாட்டி 24 வோல்ட் ஆக்கியிருப்பாங்க. இன்ஜின் ஓடாதப்போ 25-ஐ ஒட்டிக் காட்டுச்சு. ஸ்டார்ட் பண்ணினதும் 28-ஐ ஒட்டி ஏறுச்சு. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நல்லா இருக்கு. அடுத்து எர்த் ஒயர்கள், ஃபியூஸ்கள். எல்லாம் சரி. வோல்டேஜ் இறங்கினாலே கன்ட்ரோலர் கண்டபடி கோடு போடும், அதனால எந்தக் கோடா இருந்தாலும் ஆரம்பம் பேட்டரிதான்னார்.

ரெண்டாவது, ஆயில் பிரஷர் சென்சாரோட கப்ளர். இந்த மாதிரி பிரஷர் சென்சாருக்கு மூணு ஒயர் வரும். ஒண்ணுல கன்ட்ரோலர் 5 வோல்ட் அனுப்பும். ஒண்ணு எர்த். மூணாவதுல சென்சார் பதில் அனுப்பும். பிரஷர் கம்மின்னா அரை வோல்ட் பக்கம், அதிகம்னா நாலரை வோல்ட் பக்கம். பூஜ்யத்துல இருந்து 5 வரைக்கும் முழுசா ஏன் பயன்படுத்தலைன்னு நான் கேட்டேன். 'ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டாத்தான் தம்பி, ஒயர் அறுந்ததுக்கும் பிரஷர் இல்லாததுக்கும் வித்தியாசம் தெரியும்'னார். அழகான ஏற்பாடு. காசோலையில தொகைக்கு முன்னாடியும் பின்னாடியும் கோடு இழுக்கற மாதிரி.

கப்ளர்ல அந்த 5 வோல்ட்டை அளந்தார். 0.2-தான் இருந்தது.

"தம்பி, இது மூணு கோடு இல்லை. ஒண்ணுதான்" அப்படின்னார்.

ஆயில் பிரஷர் சென்சாருக்கும் டர்போ பிரஷர் சென்சாருக்கும் கன்ட்ரோலர்ல இருந்து ஒரே 5 வோல்ட் லைன்தான் போகுது. அந்த லைன் எங்கேயாவது எர்த் ஆச்சுன்னா அதுல தொங்கற எல்லா சென்சாரும் ஒரே நேரத்துல ஊமையாயிடும். எல்லாத்துக்கும் எஃப்.எம்.ஐ. 4 வரும். மூணாவதா வந்த 3509 அதைத்தான் சொல்லுது: சென்சாருக்குப் போற முதல் சப்ளை லைன்ல வோல்டேஜ் கம்மி. தண்ணி சூடு பார்க்கற சென்சார் ரெண்டு ஒயர் வகை. அது இந்த லைன்ல இல்லை, அதனால அது ஒழுங்கா காட்டுது. வந்ததும் அதை ஏன் கேட்டார்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது. கெட்டது எதுன்னு பார்க்கறதோட, கெடாதது எதுன்னும் பார்த்திருக்கார்.

மூணு வாடிக்கையாளர் கணக்கு ஒரே நாள்ல இடிச்சா மூணு பேருமே ஏமாத்தறாங்கன்னா நினைப்போம்? அந்த மூணு கணக்குக்கும் எந்தப் பக்கத்துல இருந்து பதிவு வந்ததோ, அந்தப் பக்கத்தைத்தானே முதல்ல புரட்டுவோம்.

இப்போ கேள்வி இது. 5 வோல்ட் ஏன் விழுந்தது? மூணே வழிதான் இருக்கு. சென்சார் ஒண்ணு உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகியிருக்கணும், இல்லை ஒயர் எர்த் ஆகியிருக்கணும், இல்லை கன்ட்ரோலரே போயிருக்கணும். விலை கம்மியான சந்தேகத்தை முதல்ல தீர்க்கணும்.

மூணாவதா, அந்த லைன்ல இருக்கற சென்சாரோட கப்ளரையெல்லாம் ஒண்ணொண்ணா கழட்டினார். ஒவ்வொண்ணு கழட்டும்போதும் 5 வோல்ட்டைப் பார்த்தார். ஏதாவது ஒண்ணைக் கழட்டினதும் 5 திரும்பி வந்தா அந்த சென்சார்தான் குற்றவாளி. எதைக் கழட்டியும் வரலை. சென்சார் எல்லாம் விடுதலை.

நாலாவது, சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரி ஐசொலேட்டரையும் ஆஃப் பண்ணி, கன்ட்ரோலரோட பெரிய கப்ளரைக் கழட்டினார். கரண்ட் ஓடுற ஒயர்ல ஓம் அளக்கக் கூடாது, அளவும் தப்பா வரும், மீட்டரும் கெடும். கப்ளர் படத்தைப் பார்த்து 5 வோல்ட் பின் எதுன்னு நான் சொன்னேன். (படம் மேனுவல்ல இருந்தது. மெஷின் வாங்கினப்போ கொடுத்த சிடியை மாமா பீரோவுல பத்திரமா வெச்சிருந்தார். நான் செஞ்ச ஒரே தொழில்நுட்ப சேவை இதுதான் :-)) அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்தார். ஒரு ஓம் கூட இல்லை.

கன்ட்ரோலரும் கழண்டு இருக்கு, சென்சாரும் கழண்டு இருக்கு. நடுவுல வெறும் ஒயர் மட்டும் இருக்கு. அந்த ஒயர் எர்த் காட்டுது. அப்போ குத்தம் எங்கே?

மாமாவோட முகத்தை அந்த நேரத்துல பார்த்திருக்கணும். ஒண்ணும் பேசலை. பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் போயிட்டார்.

அஞ்சாவது, மீட்டரை என் கையில கொடுத்துட்டு, ஹார்னஸை ஒவ்வொரு இடமா பிடிச்சு ஆட்டினார். நான் நம்பரைக் கத்திச் சொல்லணும். இன்ஜினுக்குப் பின்பக்கம் ஒரு பிராக்கெட் கிட்ட ஆட்டினப்போ நம்பர் குதிச்சது. அங்கே ஹார்னஸைப் பிடிச்சிருக்க வேண்டிய கிளிப் இல்லை. ஹோஸ் மாத்தினப்போ கழட்டினது, திரும்ப மாட்டலை. ஒரு வாரமா மேடு பள்ளத்துல நடக்கும்போதெல்லாம் ஒயர் அந்த இரும்பு விளிம்புல உரசிட்டே இருந்திருக்கு. ஸ்லீவ் தேய்ஞ்சு, உள்ளே ஒரு ஒயர் மட்டும் தோல் உரிஞ்சு, அரை இஞ்சுக்குச் செம்பு பளபளன்னு தெரிஞ்சது.

அந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, இன்சுலேஷன் போட்டு, புது ஸ்லீவ் மாட்டி, கிளிப் போட்டு விளிம்புல இருந்து தள்ளிக் கட்டினார். எல்லாக் கப்ளரையும் மாட்டிச் சாவியைப் போட்டா 5 வோல்ட் 5 வோல்ட்டாவே நின்னது. கோடை அழிச்சதும் திரும்ப வரலை. செயின்ல ஒரு சுத்து நடந்து பார்த்தாங்க, வரலை. பக்கெட்டை மண்ணுல இறக்கினா இன்ஜின் பழைய குரல்ல உறுமுச்சு. மத்தியானம் மூணு மணிக்கு ஹவர் மீட்டர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குக் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய். மாமா மூவாயிரமா கொடுத்தார். அத்தைக்குப் போன் பண்ணி ரெண்டே வார்த்தை: "நகை வேண்டாம்."

கன்ட்ரோலர் வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. புதுசை மாட்டியும் அதே மூணு கோடுதான் வந்திருக்கும்.

அன்னைக்கு வேலை முடிஞ்சு டீ குடிக்கும்போது அண்ணன் சொன்ன இன்னும் சில விஷயங்களை நோட்டுல எழுதி வெச்சேன். வண்டி வெச்சிருக்கற வீடுகளுக்கு உதவும்.

வோல்டேஜ் இருக்குங்கறதால ஒயர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. இருபது இழை இருக்கற ஒயர்ல பத்தொம்பது அறுந்து ஒண்ணு மட்டும் ஒட்டிட்டிருந்தாலும், மீட்டர் 24 வோல்ட்னுதான் காட்டும். ஏன்னா மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. ஒரு பல்பை மாட்டி லோடு கொடுத்துப் பார்த்தாத்தான் வண்டவாளம் தெரியும். அதுக்குத்தான் அவர் பையில அந்தப் பல்ப் டெஸ்டர். பாஸ்புக்கைப் பார்த்துட்டு ஒருத்தர் பணக்காரர்னு நம்பறதுக்கும், அவர் செக்கைப் போட்டுப் பார்க்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கேன் ஒயர்ல சந்தேகம்னா ஒரு எளிய சோதனை இருக்கு. அந்த ரெண்டு ஒயரோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணொண்ணு இருக்கும். ரெண்டும் இணையா இருக்கறதால, பவரை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு ஒயருக்கும் நடுவுல அளந்தா 60 ஓம் வரணும். 120 வந்தா ஒரு பக்க ரெசிஸ்டர் இல்லை, இல்லை நடுவுல ஒயர் அறுந்திருக்கு. பூஜ்யத்துக்கிட்ட வந்தா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிச்சு. பத்தாவது இயற்பியல்ல இணைச்சுற்று கணக்குப் போட்டோமே, அதுக்கு வாழ்க்கையில ஒரு உபயோகம் இருக்குன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

கோடை எழுதி வைக்காம அழிக்கக் கூடாது. எது இப்போ இருக்கு, எது வந்துட்டுப் போனது, எத்தனை தடவை வந்ததுன்னு நிறைய கன்ட்ரோலர் கணக்கு வெச்சிருக்கும். எழுதாம அழிக்கறது சான்றுச்சீட்டைக் கிழிச்சுப் போடற மாதிரி.

ஒயர் தோலை ஊசியால குத்திப் பார்த்தா அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கிச் செம்பு பச்சை பூத்துடும். கப்ளரோட பின்பக்கம் வழியா மெல்லிசான ஊசியை விட்டுப் பார்க்கணும். தடி ஊசியை முன்பக்கம் திணிச்சா பின் விரிஞ்சு, இல்லாத வியாதியை நாமே உண்டாக்குவோம். பிரஷர் வாட்டர் சர்வீஸ் பண்ணும்போது கப்ளர் மேல நேரா அடிக்கக் கூடாது. பக்கெட்ல வெல்டிங் வெச்சா, பேட்டரியைத் துண்டிச்சு, கன்ட்ரோலர் கப்ளரைக் கழட்டிட்டு, வெல்டிங் எர்த்தை வெல்டு பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும். இதைச் செய்யாமப் போனா அப்போ நிஜமாவே கன்ட்ரோலர் போகும்.

கடைசியா ஒண்ணு. கோடு வரலைங்கறதால மெஷின் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்லை. சென்சார் பொய்யா ஒரு நடுத்தர அளவைக் காட்டிட்டிருந்தா, அது அரைக்கும் நாலரைக்கும் நடுவுல இருக்கற வரைக்கும் கன்ட்ரோலர் நம்பிடலாம். பம்ப் தேய்ஞ்சு வேகம் குறைஞ்சிருந்தாலும் கோடு வராமப் போகலாம். விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழைன்னு இருப்பாய்வுக்குச் சிக்காத பிழைகள்னு ஒரு பட்டியலைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதைக் கண்டுபிடிக்க ஆபரேட்டரோட காதும் கையும்தான் வேணும். 'நேத்து மாதிரி இல்லை'ன்னு அவர் சொன்னா அதுவும் ஒரு கோடுதான்.

இதையெல்லாம் ஒரு கணக்குக்காரனா நான் எப்படி எடுத்துக்கிட்டேன்னா, மெஷின் நோட்டுல புதுசா நாலு பத்தி போட்டிருக்கேன். என்ன கோடு, எப்போ வந்தது, எதை அளந்தோம், கடைசியில என்ன இருந்தது. மூணாவது பத்தி காலியா இருந்தா எந்தப் பார்ட்டுக்கும் பணம் எடுக்கறதில்லைன்னு மாமாவும் நானும் பேசி வெச்சிருக்கோம். அந்த 3,000 ரூபாயைப் பழுதுபார்ப்புன்னு வருவாயினச் செலவுல எழுதினேன். மிச்சமான ஒரு லட்சத்துச் சொச்சத்தை எழுத எந்த ஏட்டுலயும் இடம் இல்லை. அதனாலதான் இங்கே எழுதறேன்.

உங்க வீட்டுல லாரி, ரிக் வண்டி, டிராக்டர் ஏதாவது இருந்து, கோடு ஒண்ணு சொல்லி குத்தம் வேற இடத்துல இருந்த கதை இருந்தா சொல்லுங்க. நோட்டுல இன்னும் நிறைய பக்கம் காலியா இருக்கு.